நான் பேசாமல் இருந்த ஏழு நாட்கள்

எனக்குக் கோபமும் அதிகம், வாயும் அதிகம். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மகள் சொல்லிவிடுவாள். ஆனால் என் வாயெல்லாம் என் வீட்டுக்காரர் வாய்க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் சண்டை வந்தால்தான் பேசுவேன். அவர் சும்மாவே பேசுவார்.

அவர் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் சப்ளையர். இருபத்து மூன்று வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பஸ் ஏறி வந்தவர், முதல் நாள் நுழைந்த அதே ஹோட்டலிலேயே முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டார். மேசையில் உட்கார்ந்தவர்கள் சொல்வதை அவர் எழுதிக்கொள்ள மாட்டார். நின்ற இடத்திலிருந்தே அடுப்படியைப் பார்த்து, "ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ரசவடை, பொடி தூக்கலா ஒரு ஊத்தப்பம், சீனி இல்லாம ஒரு காப்பி" என்று ஒரே மூச்சில் விடுவார். வெளியே பஸ்களின் இரைச்சல், உள்ளே பாத்திரச் சத்தம், எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் தோசைக் கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக்கு வரும்போது அந்தக் குரலை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது.

கரமனையில் எங்களுக்கு வாடகை வீடு. முன்னறையில் என் தையல் மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் வேலை. மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, கால் கழுவி, என் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு ஒரு குடும்பம் வந்திச்சு, கேளு. நாலு பேரு. மூணு பேரு தோசை சொன்னாங்க. அந்த அம்மா மட்டும் எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு. சொன்ன கையோட, மூணு தட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சு, முழுசா ஒரு தோசையை உள்ள தள்ளிட்டுல்லா எந்திரிச்சு போச்சு!"

"கை அளவு தப்பிப் போகுது எனக்கு. செத்த நேரம் வாயை மூடிட்டு இருங்களேன், காது புளிச்சுப் போச்சு" என்பேன் நான்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. இரண்டு நிமிடம் சும்மா இருப்பார். பிறகு, "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று மறுபடி தொடங்குவார்.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. சுக்கும் மிளகும் போட்டுக் கொடுத்தேன். சரியாகவில்லை. "ஹோட்டல்காரன் தொண்டைன்னா கட்டத்தான் செய்யும்" என்று சொல்லியே மூன்று மாதம் ஓட்டினார். பல வருடங்கள் ஹோட்டலின் பின்புறம் நின்று பீடி குடித்தவர் அவர். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, எட்டு வருடம் முன்பு ஒருவழியாக விட்டார். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு, அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பரிசோதனையெல்லாம் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயதுப் பெண். ஒரு தாளில் கழுத்தின் படம் போட்டு, மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். குரல் வரும் இடத்திலேயே புற்றுநோய் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரல்? திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கொஞ்சமாவது மிச்சம் வைக்க முடியுமா என்று பார்ப்பேன், பெரும்பாலும் முழுவதையும் எடுக்க வேண்டி வரும் என்றார். எடுத்துவிட்டால் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பிற்பாடு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் இந்தக் குரல் வராது. பன்னிரண்டு நாள் கழித்து, புதன்கிழமை ஆபரேஷன்.

எல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "டாக்டரே, அதுவரைக்கும் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டார். கத்தக் கூடாது, வீட்டில் சாதாரணமாகப் பேசலாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பேடிக்கண்டா அம்மே" என்றார். பயப்பட வேண்டாமாம். சொல்வது சுலபம்தான்.

அப்பாவும் மகளும் ரத்தப் பரிசோதனைக்கு என்று அங்கேயே தங்க, நான் மட்டும் பஸ் பிடித்துப் பழவங்காடியில் இறங்கினேன். பிள்ளையார் கோயில் முன்னால் வழக்கம் போலக் கூட்டம். ஆளாளுக்கு விடலைத் தேங்காய் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றியொன்று போடுகிறேன் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் தேங்காய் எல்லோரும் போடுவதுதானே. பரீட்சைக்குப் போகிறவனும் போடுகிறான், புது பைக் வாங்கினவனும் போடுகிறான். முப்பத்தொரு வருடத்துக் குரலுக்குத் தேங்காய் எந்த மூலைக்கு? எங்கள் குடும்பத்தில் பெரிய வேண்டுதல் என்றால் பிடித்ததை விடுவார்கள். என் அம்மா எனக்காக ஒரு வருடம் காப்பி குடிக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று நின்று யோசித்தேன். காப்பி இல்லை, இனிப்பு இல்லை. என் வாய்தான்.

"பிள்ளையாரப்பா, அவர் குரலை நீ காப்பாத்து. ஆபரேஷன் முடியறவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அங்கேயே நின்று நேர்ந்துகொண்டேன். அதுதான் அன்று நான் பேசிய கடைசி வார்த்தை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் விஷயத்தை எழுதி வைத்து, அவர்கள் வந்ததும் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"முப்பத்தொரு வருஷமா நான் கேட்டும் கிடைக்காத வரம்! பிள்ளையார் ஒரே நாள்ல கொடுத்துட்டாரே" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, இது சரியில்ல, கேட்டோ. அப்பாவுக்கு இனி பன்னெண்டு நாளுதான் சவுண்டு இருக்கு. அந்த நேரத்துல நீங்க மௌனம்னா, அப்பா ஆருட்ட பேசுவாங்க?"

'சாமி காரியம். குறுக்கே பேசாதே' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். எழுத்தில்கூட என் கோபம் போகவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீரைக்காரி வந்து, நான் பேசாததைப் பார்த்து, ஏதோ கோபம் என்று நினைத்து ஒரு கட்டு அதிகமாக வைத்துவிட்டுப் போனாள். ஜாக்கெட் கொடுக்க வந்த பெண்களுக்கு நோட்டைக் காட்டினேன். அவர்கள் என்னைக் கும்பிடாத குறைதான். புருஷனுக்காக இப்படி ஒரு விரதமா என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் பெரிய பதிவிரதை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மகள் வேறு வழியில்லாமல் அப்பாவின் குரலைப் போனில் பதிவு செய்யலாம் என்று தொடங்கினாள். அவர் முன்னால் போனை நீட்டி, "அப்பா, என்னவாவது பேசுங்க" என்பாள். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் போனைப் பார்த்ததும் விறைத்துப் போவார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்புள்ள மகளுக்கு, உன் தந்தை பேசுகிறேன். அனைவரும் நலமாக இருக்க வேண்டும்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசிப்பார். "இது அப்பா மாதிரியே இல்லையே" என்று சொல்லி மகள் அழித்துவிடுவாள்.

என்னிடம் பேச அவர் எவ்வளவோ முயன்றார். ஹோட்டலுக்கு லீவு சொல்லிவிட்டதால் புதுக் கதைகள் இல்லை. பழைய கதைகளை எடுத்தார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்குவார். நான் தலையை ஆட்டுவேன். பாதியில், "அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று நிறுத்துவார். என்ன சொன்னான் என்று நான் கேட்க வேண்டும். அதுதான் அந்த இடத்தில் வழக்கம். எரிச்சலோடாவது கேட்பேன். இப்போது நான் தலையை மட்டும் ஆட்ட, அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ம், அவன் ஒண்ணும் சொல்லல" என்று கதையை முடித்துக்கொள்வார்.

என்னைப் பேச வைக்கக் குறுக்கு வழியிலும் இறங்கினார். என் தம்பியைக் கஞ்சன் என்றார். நான் தைத்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றார். "என்னட்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று சீண்டினார். வேறு சமயமாக இருந்தால் கரமனையே கேட்கும்படி பதில் கொடுத்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை மிதித்தேன். மிதித்த வேகத்தில் ஊசி உடைந்தது.

புதன்கிழமையோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோபத்தால் இல்லை. காலையில் பேப்பர் படித்தார், மாத்திரை போட்டார், சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். மூன்றரை மணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன், இன்னொன்றுக்குப் பட்டி தைத்தேன். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. மெஷின் நின்றால் அதுவும் இல்லை. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் எங்கள் வீட்டில் அவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் அறிந்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி எங்கள் வீடு இப்படித்தான் இருக்கப் போகிறது. இன்னும் ஒரு வாரம் கழித்து வர வேண்டியதை நானே அவசரப்பட்டு இன்றைக்கே கூட்டி வந்து நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். பேசிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் பயம். நான் வாக்குத் தவறி, அதனால் அவர் குரல் போய்விட்டால்? அந்தப் பழியை எந்தத் தண்ணீரில் கழுவுவேன்? இன்னும் ஏழு நாள்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று மனதைக் கட்டிப் போட்டேன். அவருக்கும் அதே ஏழு நாள்தான் இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது.

"நான் ஆபரேஷனுக்கு வரல."

மெஷினை நிறுத்தினேன்.

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். இந்த ஒரு வாரம் பாத்தாச்சுல்லா. நீ ஒருத்தி பேசாம இருந்ததுக்கே வீடு இப்படிக் கிடக்கு. நாளைக்கு நான் ஊமையா உக்காந்திருப்பேன், நீ எதுத்தாப்பல மெஷினை மிதிச்சிட்டு இருப்ப. அப்படி இருபது வருஷம் இருக்கறதுக்கு, வாயோட ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன். எனக்கு அது போதும்."

என்னைச் சமாதானப்படுத்தவோ மிரட்டவோ அவர் அதைச் சொல்லவில்லை. நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். இந்த மனிதரின் குரலுக்காக நான் நேர்ந்துகொண்டேன். என் நேர்ச்சை அவர் உயிரிலேயே கை வைக்கப் பார்க்கிறது.

"அறிவிருக்கா ஒங்களுக்கு?"

இது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஏழு நாள் பூட்டி வைத்ததில் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆனால் ஒருமுறை திறந்த பிறகு நிற்கவில்லை.

"ஒரு வருஷமாம், ஒரு வருஷம்! யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க? ஒங்க வாயி யாருக்கு வேணும்? எனக்கு ஆளு வேணும்! இந்த ஸ்டூல்ல ஆளு வேணும்! ஒண்ணும் பேசாம உக்காந்திருங்க, மரமாட்டம் உக்காந்திருங்க, நான் பேசிக்கிடுதேன் ரெண்டு பேருக்கும் சேத்து! பொண்ணுக்கு இன்னும் ஒரு கல்யாணம் காட்சி பாக்கல, அதுக்குள்ள போறாராம் இவரு. போவீங்க, போவீங்க, நான் விட்டால்ல போவீங்க! ஒங்க சத்தம் நிக்கப் போகுதுன்னு கேட்ட நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா? அதுக்காகத்தான் மடச்சி மாதிரி என் வாயைக் கட்டுனேன். என்னைப் போய் இப்படி..."

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அது யாருடைய பட்டு ஜாக்கெட்டோ, பாவம்.

நிமிர்ந்து பார்த்தால் அவரும் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே சிரித்தார். "அப்பாடா" என்றார். "ஏட்டி, இன்னும் கொஞ்சம் திட்டேன்."

எனக்குச் சந்தேகம் வந்தது. "அப்ப ஆபரேஷனுக்கு வரலைன்னது என்னைப் பேச வைக்கறதுக்கா?"

"இல்ல. நெசமாத்தான் சொன்னேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவும் நெசமாத்தான் சொல்லுதேன். வாரேன்."

அழுகை ஓய்ந்த பிறகுதான் வாக்குத் தவறியது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். "அவ்வளவுதானே? நான் பேசிக்கிடுதேன் பிள்ளையார்ட்ட" என்றார். மறுநாள் காலையில் என்னைப் பழவங்காடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கத்தக் கூடாது என்று சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, சந்நிதிக்கு எதிரே நின்று, மேசையிலிருந்து அடுப்படிக்குச் சொல்கிற அதே தோரணையில் சொன்னார்: "சாமி, இவ வாக்குத் தவறினது எனக்காக. கோவிக்கணும்னா என்னைக் கோவிச்சுக்கோ. இவளை விட்டுரு." வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேங்காயை ஓங்கிப் போட்டார். அது சிதறிய சிதறலில் ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

அதன் பிறகு எங்களுக்குக் கிடைத்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவர் சொன்னதைக் கேட்டேன். அவர் நிறுத்திய இடத்தில், "பிறகு?" என்று கேட்டேன். மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். தோசை பிய்த்துத் தின்ற அந்த அம்மாவின் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "சட்னியும் தொட்டுக்கிட்டாங்களா?" என்று நான் கேட்டதும் அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். "மூணு தட்டுச் சட்னியும்!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார். இப்படி ஒரு கேள்விக்காக இந்த மனிதர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ. நான் என்னவோ ஜாக்கெட்டின் கை அளவைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஒன்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பார், இந்தா என்பார், மற்றவர்களிடம் வீட்டுல என்பார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். "ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லுங்க" என்றேன். ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவருக்கு வெட்கம் வந்துவிட்டது. வாசல் பக்கம் பார்த்தார், மகள் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீயும் என் பேரைச் சொல்லு என்றார். "நான் மாட்டேன். புருஷன் பேரைச் சொன்னா அவங்க ஆயுசு குறையும்னு சொல்வாங்க. இப்ப போய் அதுல கை வைக்கணுமா நான்?" என்று எழுந்து போய்விட்டேன். இந்த விஷயத்தில் நான் மாறுவதாக இல்லை.

திங்கட்கிழமை பொன்முடிக்குப் போவதாக ஏற்பாடு. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நாங்கள் பார்த்ததில்லை. அப்பாவுக்கு மலைக் காற்று காட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. காலையிலேயே எழுந்து புளியோதரை கிண்டிக் கட்டி வைத்தேன். கிளம்பும் முன் ஒரு வாய் காப்பி குடிப்போம் என்று உட்கார்ந்தோம். அவர் ஹோட்டலில் சேர்ந்த முதல் நாள் கதையைத் தொடங்கினார். ஒரு வக்கீலின் வெள்ளை வேட்டியில் சாம்பாரைக் கொட்டியது, முதலாளி திட்டுவதற்குள் அந்த வக்கீலே, "புது ஆளா? பரவாயில்லை" என்று சொன்னது, அன்று மட்டும் அவர் அப்படிச் சொல்லாதிருந்தால் இவர் மறு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியிருப்பார் என்பது. இதை நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்படியானால் அந்த வக்கீல் இல்லையென்றால் எனக்கு இந்த வீடு இல்லை, இந்த மகள் இல்லை. அவர் எந்தத் தெருவோ, இருக்கிறாரோ இல்லையோ, அவர் வேட்டிக்கு மனதார ஒரு கும்பிடு போட்டேன். பேச்சு முடிந்து மணியைப் பார்த்தபோது பஸ் போயே போய்விட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸும் குறைவு. புளியோதரையை வீட்டிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். பொன்முடி எங்கும் ஓடிவிடாது.

அந்த நாட்களில் மகள் போனை யார் முன்னாலும் நீட்டவில்லை. மெஷின் மேல் ஓரமாக வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு அது நினைவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருக்கிறது. பாதி அவர் குரல், பாதி என் சண்டை. நடுவில் கீரைக்காரி வருகிறாள். மகள் இதை அழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போகும்போதும் அவர் பேசிக்கொண்டுதான் போனார். வண்டி தள்ளியவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று மலையாளத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். கதவு மூடும் வரை எங்களுக்கு அது கேட்டது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். நோய் முழுவதையும் எடுத்தாயிற்று, ஆளுக்கு இனி ஆபத்தில்லை என்றார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டாக்டர் சொன்னார்: குரலை மிச்சம் வைக்க முடியவில்லை.

ஆள் கிடைத்துவிட்டார் என்று நன்றி சொல்ல வேண்டிய நேரம் அது. சொல்லத்தான் செய்தேன், மனதுக்குள் அத்தனை சாமிக்கும் சொன்னேன். ஆனால் கூடவே இன்னொன்றும் உள்ளே கிடந்து குடைந்தது. நான் பேசினேனே. ஐந்து நாள் பொறுத்திருந்தால்? மகளிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவரைப் பார்க்க என்னை உள்ளே விட்டபோது, கழுத்தில் கட்டும் மூக்கில் குழாயுமாகப் படுத்திருந்தவர் முன்னால் போய் நின்றேன். ஆயிரம் சொல்ல நினைத்து வந்தவளுக்கு வாய் வரவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அவர் கண்ணில் முதலில் குழப்பம் தெரிந்தது, பிறகு பயம் தெரிந்தது. கையை உருவிக்கொண்டு, எழுதுவதற்கென்று நர்ஸ் வைத்திருந்த பலகையைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். கோணல் மாணலாக, நிறுத்தி நிறுத்தி எழுதி என் பக்கம் திருப்பினார்.

'இன்னொரு வேண்டுதலா? வேண்டாம். பேசு.'

நான் பேசினேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், காலையில் ஆஸ்பத்திரி கேன்டீனில் எனக்குப் போட்ட உப்புமாவில் தொடங்கினேன். பார்வை நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நான் அந்த உப்புமாவையே இன்னும் முடித்திருக்கவில்லை.